ஜோடி இல்லாத யாளி

தம்பி பெருங்களத்தூரில் புது ஃபிளாட் வாங்கியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மிக்ஸி, குத்துவிளக்கு என்று ஏதாவது சொல்வான் என்று பார்த்தால், "அக்கா, எனக்கு ஒரு யாளி வேணும்" என்றான். யாரோ ஒரு பிரபலத்தின் வீட்டு ஹாலை வீடியோவில் பார்த்திருக்கிறான். சோபாவுக்குப் பக்கத்தில் மர யாளி, அதன் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் லைட். "அதே மாதிரி. ஆனா பழசா இருக்கணும்." பாதிப் பணம் அவன், பாதி நான் என்று பேச்சு.

பழைய மரச் சிற்பம் என்றால் காரைக்குடிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். எழும்பூரில் பிற்பகல் பல்லவனைப் பிடித்தால் ராத்திரி காரைக்குடியில் இறங்கிவிடலாம். நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் அம்மாவும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். 76 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. "வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்று காரணம் சொன்னாள். எனக்கு உள்ளூர ஒரு பயம். பழைய சாமான் என்றாலே அம்மாவுக்கு ஆகாது. யார் வீட்டுப் பொருளோ, என்ன கஷ்டத்தில் விற்றார்களோ என்று ஆரம்பித்துவிடுவாள். கோயில் சிற்பம் என்றால் கேட்கவே வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்ததும் நமக்குத் தெரிந்த வீடு ஒன்று வெடித்துச் சிதறியது போல இருக்கிறது. எனாமல் தட்டுகள் ஒரு பக்கம் அடுக்கடுக்காக. பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகள். ரவிவர்மா படங்கள், நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள், ஊறுகாய் ஜாடிகள், பித்தளை அண்டா, யாரென்றே தெரியாத மாப்பிள்ளை - பெண்ணின் கல்யாண போட்டோ. வாசலில் தேக்குத் தூண்கள் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு கடையில் ஐம்பது, அறுபது பூட்டுகள். எதற்கும் சாவி இல்லை.

இவ்வளவு சாமானும் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். செட்டிநாட்டுக்கு ஒரு காலத்தில் 96 ஊர்கள் என்பார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்த நகரத்தார், சம்பாத்தியத்தை ஊரில் வீடாகக் கட்டினார்கள். இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். மரம் பர்மாத் தேக்கு. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அங்கே போட்டிருந்த பணமும் நிலமும் பெரும்பாலும் போயிற்று. வீடுகள் மட்டும் நின்றன. இரண்டு தலைமுறை கழித்து ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட யார் பணம் போடுவது? இப்படிப் பிரிந்த வீடுகளின் தூணும் கதவும்தான் இந்தத் தெருவில் விலைச் சீட்டோடு நிற்கின்றன.

நாலாவது கடையில் அது இருந்தது.

சுவரோரம் தரையில், ஒரு ஊஞ்சல் பலகைக்குப் பின்னால். மூன்றடி உயரம் இருக்கும். பின்னங்கால்களில் எழுந்து நிற்கிற சிங்க உடம்பு, பிதுங்கிய கண், வாயிலிருந்து கீழே வளைகிற யானைத் துதிக்கை. காலடியில் ஒரு குட்டி யானை. பிடரி மயிர் ஒவ்வொன்றும் சுருள் சுருளாக. நிறம் கறுப்பு. பெயின்ட் கறுப்பு இல்லை. எண்ணெயும் தூசியும் பல வருஷம் ஏறிய கறுப்பு. வலது முன்னங்கால் விரல்கள் உடைந்திருந்தன. பார்த்த உடனே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே பதில்: "இதேதான். விடாதே."

யாளியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நின்று பார்த்தவர்கள் குறைவு. சங்கப் பாடல்களிலேயே ஆளி என்று ஒரு மிருகம் வருகிறது, யானையை அடித்துக் கொல்கிற பலம் அதற்கு. மாமல்லபுரம் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று நாம் சொல்வதைச் சுற்றி இருப்பவை யாளித் தலைகள்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் யாளி வரிசை ஓடுகிறது. நாயக்கர் காலத்து மண்டபங்களில் தூணுக்குத் தூண் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும். சிலவற்றின் வாய்க்குள் உருளும் கல்பந்துகூட உண்டு. சிங்க முகம் இருந்தால் சிம்ம யாளி, யானை முகம் இருந்தால் யானை யாளி, குதிரை முகமும் உண்டு. எந்த முகமானாலும் அதை வைக்கிற இடத்தைக் கவனித்தீர்களா? மேலே ஏதாவது பாரம் இருக்கும். யாளி எதையோ தாங்கிக்கொண்டே இருக்கும்.

கடைக்காரர் 65,000 சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு 40,000 கேட்டேன். அவர் சிரித்தார். சுமார் ஐம்பது வயது, அலட்டல் இல்லாத மனிதர். "தேர் யாளிம்மா இது. வீட்டு வேலைப்பாடு இல்லை. இந்தக் கை இப்போ கிடையாது."

தேர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் அம்மாவைத்தான் பார்த்தேன். ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "அதைத் தூக்கிக் காட்டச் சொல்லு" என்றாள்.

"பின்பக்கம் பார்க்கணுமா ஆச்சி?"

"இல்லப்பா. மேல தூக்கணும். உன் தலைக்கு மேல."

அவரும் கடைப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நல்ல கனம். தலை உயரத்துக்கு மேல் போனதும் எனக்கு உடம்பு ஒரு கணம் சில்லிட்டது. தரையில் இருந்தவரை அந்த யாளி யாரையும் பார்க்கவில்லை. கண்கள் கீழே எங்கோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சற்றே அசட்டுத்தனமாகக்கூட இருந்தது. மேலே போனதும் அது நேராக எங்களைப் பார்த்தது. நெஞ்சு முன்னால் வந்தது. துதிக்கை இறங்கி வந்தது. அதைச் செதுக்கியவர் அண்ணாந்து பார்க்கப்போகிறவனுக்காகச் செதுக்கியிருக்கிறார்.

"எங்கப்பா முட்டுக்கட்டை போடுறவர்" என்று அம்மா கடைக்காரரிடம் சொன்னாள்.

இது எனக்கே பாதிதான் தெரியும். மாயவரம் பக்கத்துக் கிராமம் அம்மாவுக்கு. வடம் பிடிப்பது ஊரே செய்கிற வேலை. முட்டுக்கட்டை அப்படியில்லை. ஓடி வருகிற தேர்ச்சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில், சரியான கோணத்தில் ஆப்பு வடிவக் கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டும். ஒரு விநாடி பிசகினால் கையோ காலோ போய்விடும். இப்போது பல பெரிய தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர் இல்லாமல் தேர் திரும்புவதில்லை. என் தாத்தா சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும்போது, சின்னப் பெண்ணான அம்மா தேரின் மூலையில் இருக்கும் யாளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம். "அப்பாவைப் பார்த்தா பயமா இருக்கும். அதனால அதைப் பார்த்துட்டு நிப்பேன். மூலைக்கு ரெண்டு. எப்பவும் ரெண்டு." பிறகு கடைக்காரரைக் கேட்டாள்: "இதோட ஜோடி எங்கே?"

அவர் யாளியை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "என்கிட்ட வரும்போதே ஒத்தைதான் ஆச்சி. ரெண்டு கை மாறி வந்தது."

"எந்த ஊர்த் தேர்?"

"அது தெரியலை."

நான் தம்பியின் பக்கம். தெரியாவிட்டால் என்ன, வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. கடைக்காரரே பொய் சொல்லவில்லையே. இன்னும் சொல்லப்போனால் அவர் எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தார். யாளியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். பின்புறம் மழமழப்பாக இல்லை. வாய்ச்சி போட்டுக் கொத்திய தழும்புகள் அப்படியே இருந்தன. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கு போன்ற கழுந்து, தேரின் சட்டத்தில் உள்ள துளைக்குள் இறங்குவதற்கானது. ஒரு ஓரத்தில் பட்டையான கொல்லுப்பட்டறை ஆணி, துருவேறி மரத்தோடு மரமாக. "இதெல்லாம் இல்லாம பின்பக்கமும் அழகா இழைச்சிருந்தா யோசிங்க" என்றார். புதிய சிற்பத்தை மண்ணில் புதைத்தும், டீ டிகாக்‌ஷன், கறுப்பு பாலிஷ் என்று எதையாவது ஏற்றியும் பழசாக்கி விற்பவர்கள் இருக்கிறார்களாம். புதுக் கறுப்பு மேலோடு நிற்கும். உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். தேருக்கு இலுப்பை, தேக்கு, வேங்கை போன்ற மரங்கள். இலுப்பை கனம் அதிகம், சுலபத்தில் பூச்சி அரிக்காது. இந்த யாளி இலுப்பை என்பது அவர் கணிப்பு.

தேரின் அமைப்பை அவர் விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. திருவிழா முடிந்ததும் மேலே உள்ள மூங்கிலும் சாரமும் தேர்ச்சீலையும் தொம்பையும் பிரித்து எடுத்துவிடுவார்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த உயரத்தில் பெரும்பகுதி இப்படி வருஷா வருஷம் கட்டிப் பிரிப்பதுதான். நிரந்தரமாக நிற்பது கீழே உள்ள மரப்பகுதி. அது கீழே குறுகி, மேலே போகப்போக அடுக்கடுக்காக வெளியே விரியும். அப்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அடுக்குகளின் ஓரங்களில்தான் யாளிகள் முன்னால் சாய்ந்து நிற்கும். எதையும் தாங்காத யாளிக்கு எதற்கு அவ்வளவு நெஞ்சு?

"சாமி சொத்தை இப்படி விக்கலாமா?" என்று கடைசியில் அம்மா கேட்டே விட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "விக்கக் கூடாதுதான் ஆச்சி. இப்போ விதியெல்லாம் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல தேர் எரிஞ்சு போச்சு, சரிஞ்சு போச்சுன்னா மிச்சக் கட்டையை என்ன பண்ணினாங்க? மழையில கிடக்கும். ஒருத்தன் அடுப்புக்கு எடுத்துட்டுப் போவான். நாங்க எடுக்கலைன்னா இதுவும் சாம்பல்தான்."

இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. 1912-ல் மதுரைக்கு வந்த ஒரு அமெரிக்கப் பெண்மணி, மதனகோபாலசாமி கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கல்தூண்களை வாங்கிக் கப்பலேற்றினார். இன்று அவை ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்குள் ஒரு மண்டபமாக நிற்கின்றன. அங்கே போய் அதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்குக் கண் கலங்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இங்கேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் எனக்குப் பட்டது. ஆனால் ஒன்று. மழையில் கிடந்ததை எடுத்தார்களா, நன்றாக இருந்த தேரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்தார்களா என்று அந்த யாளியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே தழும்புதான்.

நாளைக்குச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். ராத்திரி தம்பி மூன்று தடவை போன் செய்தான். மூன்றாவது தடவை, "அம்மாவை ஏன் கூட்டிட்டுப் போனே?" என்றான்.

மறுநாள் காலை வண்டி வைத்துக்கொண்டு கானாடுகாத்தான் பக்கம் போனோம். காலை வெயிலில் அந்தத் தெருக்களில் நடப்பது ஒரு அனுபவம். ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் அரண்மனைகள், எல்லாம் பூட்டு. ஒரு வீட்டில் மட்டும் காவலுக்கு இருந்த பெரியவர் உள்ளே விட்டார். முகப்பைத் தாண்டி நிலைக்கதவு. மேலே கஜலட்சுமி, சுற்றிலும் கொடியும் கிளியும். இரண்டு ஓரத்திலும் உத்தரத்துக்குத் தாங்குகட்டையாக இரண்டு யாளிகள். ஒன்று இடது பக்கம் திரும்பியிருக்கிறது, மற்றது வலது பக்கம். யார் உள்ளே வந்தாலும் இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் வர வேண்டும். அம்மா கதவுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

திரும்பும் வழியில் ஒரு கோயில் வாசலில் தகரக் கொட்டகைக்குள் தேர் நின்றது. இறங்கிப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் தகரம் விலகியிருந்தது. உள்ளே வவ்வால் வாடை. கீழ் அடுக்கில் குட்டிக் குட்டிப் பூதங்கள், அதற்கு மேல் புராணக் காட்சிகள், ஓரத்தில் யாளிகள். மூலை மூலையாக அம்மா விரல் விட்டு எண்ணினாள். தென்கிழக்கு மூலையில் ஒன்று குறைந்தது. அந்த இடத்தில் ஒரு வெறும் பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பூக்கடைக்காரம்மாவிடம் கேட்டோம். "நான் கல்யாணமாகி வந்த நாளாவே அப்படித்தான் இருக்கு" என்றார்.

நாங்கள் கடையில் பார்த்த யாளி இந்தத் தேருடையது என்று நான் சொல்ல வரவில்லை. அளவே வேறு, இங்குள்ளவை இரண்டடிகூட இருக்காது. ஆனால் அந்த வெறும் பலகையைப் பார்த்த பிறகு எனக்கு அந்த யாளியை வாங்குகிற ஆசை விட்டுப்போய்விட்டது. தம்பி ஹாலில் மஞ்சள் லைட் போட்டாலும் எனக்கு அந்தப் பலகைதான் கண்ணில் நிற்கும்.

சாயங்காலம் கடைக்குப் போய் வேண்டாம் என்று சொன்னோம். அவருக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா, "வீட்டு யாளி ஏதாவது ஜோடியா இருக்கா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! நேற்று அவ்வளவு நியாயம் பேசியவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டை வித்தவன் கையெழுத்துப் போட்டுத்தானே வித்திருப்பான்" என்றாள்.

இருந்தது. பின்னால் குடோனில், சாக்குப் போட்டு மூடி. ஒன்றரை அடி உயரத் தேக்கு யாளிகள் இரண்டு, ஒன்று இடம், ஒன்று வலம். தேர் யாளியின் பக்கத்தில் வைத்தால் பூனைக்குட்டிகள். துதிக்கை கிடையாது, சிங்க முகம்தான். ஒன்றுக்கு ஒரு காது இல்லை. ஆனால் கடைக்காரர் ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஏழு பங்காளிகள் சேர்ந்து விற்ற வீடு. நிலை, கதவு, தூண் இத்தனை, யாளி இரண்டு என்று பட்டியல். கீழே ஏழு கையெழுத்து. ஊர் பெயர்கூட இருந்தது. ஜோடி 42,000-க்கு முடிந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் 1972-ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்; நீங்களோ நானோ வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பரிசாக அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். பணியாரத்தைக் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நாங்கள் சாயங்காலம் போனபோது தீர்ந்துவிட்டது. அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிய பையன் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு "மர பொம்மை - 2" என்று எழுதினான்.

தம்பிக்கு முதலில் ஏமாற்றம். "இவ்வளவு சின்னதா?" என்றான். ஒன்றை ஹாலிலும் ஒன்றைப் படுக்கையறையிலும் வைக்கலாம் என்று அவன் மனைவி சொன்னபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாசலுக்கு வெளியே மாட்டலாம் என்றால், பொது வராந்தாவில் ஆணி அடிக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஹாலிலிருந்து பால்கனிக்குப் போகிற வழியின் இரண்டு பக்கமும், ஏழடி உயரத்தில், சற்றே முன்னால் சாய்த்து மாட்டினோம். தச்சர் நேராக மாட்டிவிட்டு இறங்கினார். அம்மா நாற்காலியைப் போட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் குனியணும், என்னைப் பார்க்கலை" என்று மூன்று தடவை கழற்றி மாட்ட வைத்தாள்.

போன வாரம் காரைக்குடிக்குப் போன் செய்தேன், பில்லில் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. பேச்சோடு பேச்சாக அந்தப் பெரிய யாளியைப் பற்றிக் கேட்டேன். போய்விட்டதாம். ஏதோ ஹோட்டலுக்கு, ரிசப்ஷனில் வைக்க வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, மேலே வைத்திருக்கிறார்களா, தரையிலா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.